நாலு தசம் ஆறு மீற்றர்

எங்கள் ஊரின் பெயரிலேயே மட்டம் இருக்கிறது.
நில அளவைக் கந்தோரில்
பதினெட்டு வருடமாய் நான் வரையும் படங்களில்
சமவுயரக் கோடு ஒன்று வந்தால்
அன்றைக்குத் தேத்தண்ணி என் செலவு.

எரிமலைக்குப் போவோம் என்றவள் இவோன் றாகல்,
ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
பிறர் இரத்தத்தை எண்ணிக்கொண்டிருப்பவள்.
டச்பார் வீட்டுக் குசினி மேசையில்
ரீயூனியன் தீவை விரித்து
சுருளும் மூலைகளுக்குப் பாரமாய்ச்
சீனிப் போத்தலும் சைக்கிள் பம்பும் வைத்தாள்.
கோடுகள், கோடுகள்,
பெருவிரல் ரேகைபோல் நெருங்கி நெருங்கிக் கோடுகள்.
எனக்குக் கண் கூசியது.

கடலிலிருந்து சாம்பல் வெளி வரைக்கும்
இரண்டாயிரத்து முந்நூறு மீற்றர் மிதிக்க வேண்டும்.
பழக எங்கே போவது?
குடும்பிமலை தூரம். லீவு இல்லை.
கைக்கெட்டிய தூரத்தில்
கல்லடிப் புதுப்பாலம் மட்டுந்தான்
கொஞ்சம் முதுகு வளைத்துக் கிடக்கிறது.

ஒரு ஞாயிறு, விடிய முன்னம்,
கந்தோர்க் கருவியைச் சொல்லாமல் எடுத்துவந்து
மட்டம் பார்த்தேன்.
நாலு தசம் ஆறு மீற்றர்.
அப்படியென்றால்
ஐந்நூறு பாலம் ஓர் எரிமலை.

ஏறினோம், இறங்கினோம், கிறுகி வந்தோம்.
கரையில் வலை வீசுகிறவர்
முதல் கிழமை கேட்டார்:
"என்ன புள்ளயள், எதையும் விழுத்திற்றீங்களா?"
இரண்டாம் கிழமை
அவரும் எண்ணத் தொடங்கிவிட்டார்.

கச்சான் பிறந்ததும் வலையிறவு தாண்டி
வவுணதீவுப் பக்கம் திருப்பினோம்.
வறண்ட காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும்.
"இது எத்தனை வீதச் சாய்வு?" கத்துவாள் இவோன்.
"ஏழு! பொறு, ஒன்பது!"
காற்றை மலையாக மாற்றும் கணக்கு
எனக்குத் தெரியாது.
வாய்க்கு வந்ததைச் சொல்வேன்.
அவளும் அந்த வீதத்துக்கேற்ப மூச்சு வாங்குவாள்.

சீட்டுக் காசு ஆடியில் விழும்.
மாரி துவங்க முன், புரட்டாதியில் பயணம்.
மேலே நாலு பாகை குளிராம்;
நுவரெலியாப் பசாரில் வாங்கிய சுவெற்றரை
வியர்க்க வியர்க்கப் போட்டுப் பார்த்தாயிற்று.

மிஞ்சியது விசாப் படிவம்.
"இந்தத் தீவைத் தெரிவுசெய்த காரணம்?"
சைக்கிள் ஓட, என்று எழுதினேன்.
வாசித்துப் பார்த்தேன்.
நானே என்னை நம்பவில்லை.
எங்கள் கரையிலிருந்து அந்தத் தீவுக்குப் போனவர்கள்
சைக்கிள் கொண்டு போகவில்லை.

ஒழுங்கைக் கடைசி வீட்டுச் சதாகரன் போனவன்.
இருபத்துமூன்று நாள் படகு.
ஐந்து கிழமை அடைப்பு.
திரும்பி வந்தது மட்டும் விமானத்தில்.
றோட்டு எப்படி என்று கேட்டேன்.
ரயர் கிழிக்கும் கல்லா, மழை எப்போது வரும்,
மலை எந்தப் பக்கம் தெரியும்?
வாழைக் குலைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவன்
நிமிர்ந்தான்.
"அங்க மலை இருக்கா அக்கா?
எங்கட சன்னல் மற்றப் பக்கம்."

மறுகா, முட்டுக் கம்பை இறுக்கிக் கட்டியபடி,
"சைக்கிள் வாடகை அங்க எவ்வளவாம்?"
சொன்னேன்.
"கூடத்தான்" என்றான்.

கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம்:
திரும்பி வருவீர் என்பதற்கான ஆதாரம்.
வேலைக் கடிதம், காணி உறுதி,
வங்கிப் புத்தகத்தின் மெலிந்த பக்கங்கள்,
எல்லாம் இணைத்தோம்.
இவோன் இன்னொன்றையும் வைக்கச் சொல்கிறாள்,
பாலக் கணக்கு எழுதும் கொப்பியை.
பார், போன ஒவ்வொரு தரமும்
திரும்பி வந்திருக்கிறோம்,
இருநூற்றுப் பதினொரு தரம்.

வலை வீசுகிறவர்
இருநூற்றுப் பத்து என்கிறார்.
அவர் பிழைவிடுகிற ஆளில்லை.
நாளைக்கு ஒன்று ஏறி இறங்கிவிட்டு
அனுப்பலாம்.